இறால் குட்டைக்கு மிக்ஸட் இன்டிகேட்டர்: மீத்தைல் ஆரஞ்சை விட எவ்வளவோ தேவலாம்

வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கம் குட்டை வைத்திருந்து, தண்ணீரின் ஆல்கலினிட்டியை, அதாவது ஆசிட்டைத் தாங்கும் சக்தியை, தாங்களே டைட்ரேஷன் போட்டு (ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்து) பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புரோமோகிரெசால் கிரீனும் மீத்தைல் ரெட்டும் கலந்து 125 மில்லி பாட்டிலில் விற்கிறார்களே, நிறம் மாறிக் காட்டும் அந்த இன்டிகேட்டரை இந்த சீசன் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டேன். அருமையான சாமான்.

மீத்தைல் ஆரஞ்சு இன்டிகேட்டரில் பெரிய தொல்லை, மஞ்சள் எங்கே முடிந்தது, ஆரஞ்சு எங்கே ஆரம்பித்தது என்பதுதான். இரண்டு பேர் பார்த்தால் இரண்டு ரீடிங் வரும், அதிலும் விடியற்காலையில் மோட்டார் கொட்டகை டியூப்லைட்டில், பாசியால் ஏற்கெனவே பச்சையடித்த தண்ணீரை வைத்துக்கொண்டு பார்த்தால் கேட்கவே வேண்டாம். அது நிறம் மாறுவது பி.எச். 4.4-க்கும் 3.1-க்கும் நடுவில். நமக்கு வேண்டிய எண்ட் பாயிண்ட்டோ (ஆசிட் விடுவதை நிறுத்த வேண்டிய இடம்) 4.5-ஐ ஒட்டி இருக்கிறது. நன்றாகச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் ஆசிட் கூடிப்போகும்.

மிக்ஸட் இன்டிகேட்டர் முதலில் நீலப்பச்சையாக நிற்கும். பி.எச். 5-ஐ நெருங்கும்போது வெளிறி ஒரு சாம்பல் நிறம் வரும், அங்கே பியூரெட்டின் (ஆசிட் விடும் அளவுக் கண்ணாடியின்) குழாயை இறுக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டால் 4.6-ல் இளஞ்சிவப்பு. அந்தச் சாம்பலுக்காகவே காசு கொடுக்கலாம். 50 மில்லி தண்ணீர், 0.02 நார்மல் சல்ஃபியூரிக் ஆசிட் என்றால் இறங்கிய மில்லியை 20-ஆல் பெருக்க வேண்டும், 6 மில்லிக்கு 120 பிபிஎம். அரை மில்லி கூடினாலே 10 பிபிஎம் தப்பு! ஐப்பசி மழையில் ஆல்கலினிட்டி இறங்கும் நேரத்தில் டோலமைட் (சுண்ணாம்புக் கல் தூள்) போடுவதா வேண்டாமா என்று அதை வைத்துத்தானே முடிவு செய்கிறோம்?

அப்புறம், பினாப்தலீன் என்ற இன்டிகேட்டரை மட்டும் வைத்துப் பார்க்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அது 8.3-க்குக் கீழே நிறமே காட்டாது. காலையில் பி.எச். 7.8 உள்ள குட்டைத் தண்ணீரில் ரோஸ் வரவில்லை என்றால் ஆல்கலினிட்டி இல்லை என்று அர்த்தமில்லை, ஆல்கலினிட்டி தரும் பைகார்பனேட் அத்தனையும் அதிலேயே இருக்கிறது. பினாப்தலீன் மோசம் என்று சொல்ல வரவில்லை. வினிகரை காஸ்டிக் சோடாவோடு டைட்ரேட் செய்தால் முடிகிற இடம் பி.எச். 8.7 வாக்கில் வரும், அங்கே அதுதான் சரி, மீத்தைல் ஆரஞ்சு போட்டால் பாதி வழியிலேயே ஏமாற்றிவிடும். எந்த ஆசிட், எந்தக் காரம், எந்த பி.எச்.சில் முடியும் என்று பார்த்துத்தான் பாட்டிலை எடுக்க வேண்டும்.

குறை என்றால் விலை கொஞ்சம் கூட, மூடியோடு வரும் டிராப்பர் ஒழுகுகிறது. தனி டிராப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். ஆல்கஹாலில் கரைத்தது, மூடியை இறுக்கி வெயில் படாத இடத்தில் வையுங்கள். கடையில் கேட்கும்போது இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறுமனே ஆல்கலினிட்டி இன்டிகேட்டர் என்றால் மீத்தைல் ஆரஞ்சைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.