கையுறைக்குள் போகும் மோதிரம்

எனக்கு வேதியியல் ஆய்வகத்தில் வேலை. நாள் முழுக்கக் கையுறை. அம்மா விட்டுப்போன நீலக்கல் மோதிரத்தைப் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டு இரண்டே நாளில் நாலு ஜோடி கையுறையைக் கிழித்தேன். கல்லைக் கவ்வியிருந்த கொக்கிகளில் ஒன்று தேய்ந்து ஊசி மாதிரி ஆகியிருந்தது. வளையத்தில் விரிசல் வேறு. அதை எடுத்துக்கொண்டுதான் தனியாளாக நகைப் பட்டறை நடத்தும் இந்த ஆசாரியிடம் போனேன்.

இதே மாதிரி புதிதாகச் செய்து கொடுங்கள் என்று கேட்டேன். மோதிரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையைப் பார்த்தார். "என்னம்மா வேலை பார்க்கிறீங்க?" சொன்னேன். "அப்போ கொக்கி வேண்டாம்" என்று முடித்துவிட்டார். கல்லைச் சுற்றித் தங்கப் பட்டை ஒன்றை நிறுத்தி, அதன் விளிம்பை உள்பக்கம் மடக்கிவிடலாம், எதிலும் மாட்டாது என்றார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அம்மா மோதிரத்தின் அழகே அந்தக் கொக்கிகள் என்று நினைத்திருந்தேன். வாதாடிப் பார்த்தேன், அவர் அசையவில்லை. காகிதத்தில் வரைந்தும் காட்டவில்லை. வெள்ளியில் ஒரு மாதிரி செய்து கையில் கொடுத்து, "பத்து நாள் போட்டுட்டு வாங்க" என்றார். ஒன்பதாம் நாள் என் கட்சியை நானே விட்டுவிட்டேன்.

பழைய மோதிரத்தை பூதக்கண்ணாடியில் பார்த்தவர் முகம் சுருங்கியது. எப்போதோ யாரோ வளையத்தை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த இடம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது. துளி ஈயம் கலந்தாலும் தங்கம் தகடாக வராது, சுத்தியல் பட்டதும் வெடிக்கும். படித்தது நான், ஆனால் கண்டுபிடித்தது அவர். அந்தத் துண்டை அரிந்து தனியாகக் காகிதத்தில் மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மிச்சத்தை என் கண்முன்னே நிறுத்தார், எழுதினார்.

உருக்குகிற அன்று அரை நாள் லீவு போட்டுப் போய் உட்கார்ந்தேன். சுத்தத் தங்கம் 1064 டிகிரி செல்சியசில் உருகும், 22 காரட் அதற்குச் சற்று முன்பே இளகிவிடும். எனக்கு எண் தெரியும், அவருக்கு நிறம் தெரியும். உருக்கும் கிண்ணமான மூசையில் வெண்காரத்தை (போராக்ஸ்) தூவினார். தங்கம் உருண்டு திரண்டு, ஒரு கணம் கண்ணாடி போல் மின்னியதும் அச்சில் ஊற்றிவிட்டார். அப்புறம் அடி, அடி, அடி. அடிக்க அடிக்கத் தங்கம் இறுகிப்போகும், அப்படியே விட்டால் விரிசல் விடும். அதனால் நடுநடுவே சூடு காட்டி, தண்ணீரில் போட்டு இளக்க வேண்டும். சூடு காட்டும்போதெல்லாம் எழுந்து விளக்கை அணைத்தார். மங்கல் சிவப்பு இருட்டில்தான் பிடிபடுமாம், வெளிச்சத்தில் தெரிகிற வரை காத்திருந்தால் சூடு எல்லை தாண்டிவிடுமாம்.

பொடிவைத்து ஊதுகிறான் என்று நாம் கோள்மூட்டிகளைச் சொல்வோம். இவர் உண்மையிலேயே பட்டையின் முனைகளை ஒட்டப் பற்றுப்பொடி வைத்து நெருப்பை ஊதினார். அவை சேர்ந்த இடம் எது என்று இன்று வரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கையும் வாயும் சேர்ந்து வேலை செய்கிற மனிதர். 14 வயதில் அப்பாவின் பட்டறையில் சேர்ந்தாராம். முதல் வருஷம் முழுக்கக் கூட்டிப் பெருக்கி, குப்பையிலிருந்து, அரம் தேய்த்து உதிர்ந்த பொடியைப் பிரித்தெடுக்கும் வேலைதான். நடுவில் ஒரு தொழிற்சாலையில் மெழுகு அச்சு வார்ப்பில் ஏழு வருஷம். "ஒரே நாள்ல முந்நூறு மோதிரம். ஒண்ணு யார் கைக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாது" என்றார். வார்ப்பைக் குறை சொல்லவில்லை. சில வடிவங்களுக்கு அதுதான் சரி என்று ஒப்புக்கொள்கிறார். அவருக்குத்தான் அதில் உட்கார முடியவில்லை.

கல்லைக் கடைசியில்தான் பதித்தார். சூடான வெண்காரம் நீலக்கல்லின் மேல்பரப்பை அரித்துவிடும் என்பதால், நெருப்பு வேலை எல்லாம் முடிந்த பிறகே கல் பெட்டியிலிருந்து வெளியே வந்தது.

சரி, குறைகள். நாலு வாரம் என்றார், ஏழு வாரம் ஆனது. போனை எடுக்கவே மாட்டார். முதல் அளவு தப்பு. காலையில் விரலை அளந்தார், மாலையில் வீங்கிய விரலில் மோதிரம் மாட்டிக்கொண்டது, சோப்பு போட்டுத்தான் கழற்றினேன். பட்டை அகலமானால் அளவு கொஞ்சம் கூட வேண்டும் என்பதை அவரே மறந்திருக்கிறார். சிரித்துக்கொண்டே திருத்திக் கொடுத்தார், தனிக் கூலி கேட்கவில்லை. உள்பக்கம் அரம் பட்ட மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. மெருகு போட்டுத் தரட்டுமா என்றார், வேண்டாம் என்றுவிட்டேன்.

மூன்று மாதமாகிறது. மோதிரத்தால் ஒரு கையுறையும் கிழியவில்லை. அவசரமாக நகை வேண்டுபவர்களும், தாங்கள் சொன்னபடியே வர வேண்டும் என்பவர்களும் இவரிடம் போக வேண்டாம், இரு தரப்புக்கும் தலைவலி. மற்றபடி ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைத்த அரை, போனுக்காக.

தங்கச்சி அடுத்த வாரம் தன் உடைந்த கம்மலோடு போகிறாள். நேரில் போ, சாயங்காலமாகப் போய் அளவு கொடு என்று சொல்லியிருக்கிறேன். கம்மலுக்கு எதற்கு அளவு என்கிறாள். அவளுக்கு அவர் என்ன செய்துதரப் போகிறாரோ, யாருக்குத் தெரியும்.