பதில் போட வேண்டாம் என்றவருக்கு நான் கொடுத்த 250 பவுண்

லண்டனில் கார் வைத்திருக்கிறவர்கள், முக்கியமாக ஒரே காரை வீட்டில் இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்டுகிறவர்கள், தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது.

கார் என் பெயரில் இருக்கிறது. நான் அதில்தான் டெலிவரி வேலை செய்கிறேன். வார இறுதியில் மனைவியும் எடுப்பாள், அக்காவின் மகனும் எடுப்பான். போன வருடம் மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, 30 மைல் வேகக் கட்டுப்பாடுள்ள வீதியில் கார் 37 மைலில் போனதாகக் கமரா பிடித்துவிட்டது. ஒன்பதாம் நாள் பொலிஸிடமிருந்து கடிதம். வழக்குத் தொடரக்கூடும் என்ற அறிவித்தலோடு, அந்த நேரத்தில் காரை ஓட்டியவர் யார் என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லி ஒரு படிவமும் இருந்தது. ஓட்டியவன் அக்காவின் மகன், என் மருமகன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவன் லைசன்ஸ் எடுத்துப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. "மாமா, என்ர லைசன்ஸ் போயிடுமோ?" என்று அழாத குறையாகக் கேட்டான். அதனால்தான் நான் அந்த ஆளிடம் போனேன். பலசரக்குக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்துகொண்டு விசாப் படிவம், வாடகைப் பிரச்சினை, பார்க்கிங் தண்டம் எல்லாம் பார்த்துக் கொடுப்பவர். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அவரிடம் போகிறார்கள். 250 பவுண் வாங்கிக்கொண்டு சொன்னார்: "படத்தில காரின்ர பின்பக்கம்தான் தெரியும். முகம் தெரியாட்டி அவங்களால ஒண்டும் செய்யேலாது. நீங்கள் பதில் போடாம விடுங்கோ. சாதாரணத் தபால்தானே, வரேல்லை எண்டு சொல்லலாம்."

இதில் ஒரு வார்த்தை கூட உண்மை இல்லை.

1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் 172ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கார் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர், ஓட்டியவர் யார் என்ற விவரத்தைப் பொலிஸுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு 28 நாள். கொடுக்காவிட்டால் அதுவே தனிக் குற்றம், வேகமாக ஓட்டியதைவிடப் பெரிய குற்றம். சாதாரண வேக மீறலுக்கு 100 பவுண் தண்டமும் லைசன்ஸில் 3 தண்டப் புள்ளியும். பெயர் சொல்லாததற்கு 6 புள்ளி, 1,000 பவுண் வரை தண்டம். படத்தில் முகம் தெரியவேண்டிய தேவையே இல்லை. முகம் தெரியாது என்பதால்தான் இந்தச் சட்டமே இருக்கிறது. சரியான முகவரிக்குத் தபாலில் போட்ட கடிதம் சேர்ந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், சேரவில்லை என்றால் நிரூபிக்க வேண்டியது நாம். தன்னைத் தானே காட்டிக்கொடுக்கச் சொல்வது மனித உரிமை மீறல் என்றும் அவர் சொன்னார். அந்த வாதத்தை இரண்டு பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை கொண்டுபோய், 2007இல் தோற்றுவிட்டார்கள்.

எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் வேறு. லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி விழுந்தால்தான் அது பறிபோகும். மருமகனுக்கு விழக்கூடியது 3தான். அதுவும் 37 மைல் என்பதால், முன்பு குற்றம் ஏதும் இல்லாத அவனுக்குப் பெரும்பாலும் வேக விழிப்புணர்வு வகுப்புத்தான் கொடுத்திருப்பார்கள். சில மணி நேர வகுப்பு, அதற்கு ஒரு கட்டணம், புள்ளியே இல்லை. அவ்வளவோடு முடிந்திருக்கும். அந்த மனிதர் இதைச் சொல்லவே இல்லை, பெடியனின் பயத்தைப் பார்த்துக் காசு கேட்டார்.

அப்புறம் நினைவூட்டல் கடிதம் வந்தது. திரும்பவும் போனேன். இந்தமுறை, "இன்னுமொரு 400 தாங்கோ, ஊருக்குத் திரும்பிப் போன ஒருத்தரின்ர பேரைப் போட்டு அனுப்புறன்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கத்திவிட்டாள். அவள் கத்தியதால் நான் தப்பினேன். மந்திரியாக இருந்த கிறிஸ் ஹூனின் புள்ளிகளை அவருடைய மனைவி தன் பெயரில் ஏற்றுக்கொண்டது பல வருடம் கழித்து வெளியே வந்து, 2013இல் இருவருக்கும் எட்டு எட்டு மாதச் சிறை விழுந்தது. ஃபியோனா ஒனசன்யா நாடாளுமன்ற உறுப்பினர், படித்த சட்டத்தரணி. அவருக்கு வந்த படிவத்தில், அப்போது நாட்டிலேயே இல்லாத ஒருவரின் பெயர் போயிருந்தது. 2019இல் அவருக்கு மூன்று மாதம், பதவியும் போனது. நீதியின் போக்கைத் திசைதிருப்பிய குற்றம் என்பார்கள் இதை. 400 பவுணுக்கு எனக்கு விற்கப் பார்த்தது இதைத்தான்.

அந்த இரவே மருமகனின் பெயரை எழுதி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. பொய்ப் பெயர் வேண்டாம் என்று மட்டும் அந்த ஆளிடம் சொல்லிவிட்டு, "அப்ப பேசாம இருங்கோ" என்று அவர் சொன்னதைக் கேட்டேன். அது என் பிழை.

கோடையில் தனி நீதவான் முறையில், அதாவது யாரையும் நீதிமன்றத்துக்குக் கூப்பிடாமல் கடதாசிகளைப் பார்த்து ஒரே நீதவான் தீர்ப்புச் சொல்கிற முறையில், குற்றச்சாட்டு அறிவித்தல் வந்தது. 21 நாளுக்குள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேனா இல்லையா என்றும், என் வருமான விவரத்தையும் அனுப்ப வேண்டும். "என்னட்டத் தாங்கோ, நான் ஓன்லைனில போடுறன்" என்று வாங்கிக்கொண்டார். போடவில்லை. யாரும் இல்லாமலேயே தீர்ப்பு வந்தது. தண்டம் வருமானத்தைப் பொறுத்தது, அது தெரியாவிட்டால் நீதிமன்றம் வாரத்துக்கு 440 பவுண் என்று வைத்துக்கொள்ளும். என்னுடையது அதைவிடக் குறைவு. 660 தண்டம், அதன்மேல் 264 மேல்வரி, 90 வழக்குச் செலவு, எல்லாமாக 1,014 பவுண். 6 புள்ளி. ஏற்கெனவே எனக்கு 3 இருந்தது, இப்போது 9. 12 ஆனால் வழக்கமாகக் குறைந்தது ஆறு மாதம் ஓட்டத் தடை, அதாவது என் வேலையே போய்விடும். லைசன்ஸில், ஓட்டியவர் பெயரைச் சொல்லாததற்கான எம்எஸ்90 என்ற குறியீடு நான்கு வருடம் கிடக்கும். அதைக் கண்டாலே இன்சூரன்ஸ்காரர்கள் விலையை ஏற்றுகிறார்கள்.

கடைசியாகத் தொலைபேசியில் பிடித்தபோது, கடிதம் எதுவுமே வரவில்லை என்று நீதிமன்றத்தில் சத்தியக் கடதாசி கொடுக்கச் சொன்னார். உண்மையிலேயே வழக்குப் பற்றித் தெரியாமல் தண்டிக்கப்பட்டவர்களுக்கு அந்த வழி இருக்கிறது, தீர்ப்பை அறிந்து 21 நாளுக்குள் செய்ய வேண்டும். எனக்கோ வழக்குப் பற்றித் தெரிந்திருந்தது, பொய்ச் சத்தியம் செய்தால் அது இன்னொரு குற்றம். அதற்குப் பிறகு அவர் என் அழைப்பை எடுப்பதில்லை. காசு திரும்பி வரவில்லை.

அவர் சட்டத்தரணியே இல்லை. பதிவு பெற்றவரா என்பதைச் சட்டத்தரணிகள் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம், நான் பார்க்கவில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸில் காசே வாங்காமல் ஆலோசனை சொல்வார்கள், அங்கேயும் போகவில்லை.

ஓட்டியது யார் என்று உண்மையாகவே தெரியாவிட்டால், "தெரியாது" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். பொலிஸிடம் படத்தைக் கேளுங்கள். அன்றைய வங்கி அட்டைச் செலவு, வேலை நேரம், தொலைபேசியில் பதிவான இடம் எல்லாவற்றையும் பாருங்கள். தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று காட்டினால்தான் சட்டம் ஏற்றுக்கொள்ளும். படம் வரும்வரை காத்திருப்பதால் 28 நாள் நீளாது.

போன மாதம் கோயிலில் கண்ட ஒரு தம்பி, இதே மாதிரிக் கடித உறையோடு அதே மாடி அறைக்குப் போகப்போவதாகச் சொன்னான். கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சமையலறை மேசையில் வைத்துப் பத்து நிமிடத்தில் படிவத்தை நிரப்பினோம். கையெழுத்து இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்து, படம் எடுத்துவைத்து, போஸ்ட் ஒஃபிஸில் அனுப்பியதற்கான சான்றும் வாங்கினோம். அது இலவசம்தான்.