பழுதுபார்ப்புப் பிழையா, விமானியின் பிழையா?

1978-இல் ஒசாகாவில் வால்பகுதி தரையில் உரசிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தைப் போயிங் ஆட்கள் சரிசெய்தார்கள். பின்புற அழுத்தச் சுவரில் (பயணிகள் அறையின் காற்றழுத்தத்தைத் தாங்கும் சுவர்) ஒரே இணைப்புத் தகடு வரவேண்டிய இடத்தில் இரண்டு துண்டுகளை வைத்ததால், சுமை ஒற்றை வரிசை ரிவெட்டில் விழுந்தது. 1985 ஆகஸ்ட் 12 அன்று, பறந்துகொண்டிருந்தபோது, சுவர் பிளந்தது. விமானத்தைத் திருப்ப, ஏற்ற, இறக்க உதவும் ஹைட்ராலிக் அமைப்புகள் நான்கும் போயின. பெரும்பாலும் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைத்தே விமானிகள் அரைமணி நேரம் போராடினார்கள். 520 பேர் இறந்தார்கள். விமானிகள் மேல் துளிக் குற்றமும் இல்லை.

ஏர் பிரான்ஸ் 447 (2009) நேரெதிர். வேகம் அளக்கும் பிடோ குழாய்களைப் பனி அடைத்தது. கொஞ்ச நேரத்தில் அளவீடு சரியாகிவிட்டது. துணை விமானியோ விமானத்தின் மூக்கைத் தூக்கியபடியே இருந்தார்; அதனால் அது தூக்குவிசை இழந்து கடலில் விழுந்தது. 228 உயிர்கள் போயின. ஆனால் அந்தக் குழாய்களை மாற்றும் வேலை அப்போதே தொடங்கியிருந்தது. இந்த விமானத்தின் முறை இன்னும் வரவில்லை. பழியை விமானியோடு நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.