எச்சரிக்கை: ‘ஃபைட் ஃபார் நியூயார்க்’ வட்டு என்று சொல்லி எனக்கு அனுப்பப்பட்ட போலி

பழைய பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகளைத் தேடி வாங்குகிறவர்கள், அதிலும் ‘டெஃப் ஜாம்: ஃபைட் ஃபார் நியூயார்க்’ வட்டுக்காகக் காத்திருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். சென்ற மாதம் அந்த விளையாட்டின் பெயரைச் சொல்லி ஒருவர் என்னிடம் 160 டாலர் வாங்கிக்கொண்டு, வீட்டில் பதிவு செய்த நகல் ஒன்றை அனுப்பிவைத்தார்.

2004-இல் வந்த ஒரு சண்டை விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்கள் அதை ஆடியிருக்க மாட்டார்கள். இந்த ‘டெஃப் ஜாம்’ வரிசையில் முதலாவதாக 2003-இல் வெளியான ‘வெண்டெட்டா’, ராப் பாடகர்களை மல்யுத்த மேடையில் ஏற்றியதோடு நின்றது. அடுத்த ஆண்டே ஜப்பானின் ஏ.கே.ஐ. நிறுவனமும் ஈ.ஏ. (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) நிறுவனத்தின் கனடா பிரிவும் சேர்ந்து உருவாக்கிய இரண்டாவது விளையாட்டு, அந்த மேடையை விட்டு இறங்கித் தெருவுக்கே வந்துவிட்டது. தெருச் சண்டை, கிக்பாக்சிங், தற்காப்புக் கலை, மல்யுத்தம், பூட்டுப் பிடி என்ற ஐந்து பாணிகளில் மூன்று வரை கலந்து நமக்கென்று ஒரு வீரரை வளர்த்தெடுக்கலாம். சுற்றி நிற்கும் கூட்டம் எதிராளியைப் பிடித்துக்கொடுக்கும், கையில் ஆயுதமும் தரும். சுரங்க ரயில் நிலையத்தில் வரும் ரயிலின் முன் எதிராளியைத் தள்ளி ஆட்டத்தையே முடிக்கலாம். வில்லன் குரோவாக ஸ்னூப் டாக் வருகிறார். மெத்தட் மேன், ரெட்மேன், பஸ்டா ரைம்ஸ், ஐஸ்-டி எல்லோரும் தங்கள் உருவத்திலேயே மோதுகிறார்கள். 2005-இல் நானும் என் தம்பியும் நியூ ஜெர்சியில் மாமா வீட்டு நிலவறையில் விடிய விடிய ஆடிய விளையாட்டு இது. ராப் விளையாட்டுகளில் இதற்கு இணை இல்லை என்று ஆடியவர்கள் இன்றும் சொல்வதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

புதிய கன்சோல்களுக்கு இது மறுபதிப்பாக வரவில்லை. இத்தனை பாடகர்களின் உருவம், குரல், பாட்டு ஆகியவற்றின் உரிமைகளை மறுபடியும் ஒன்றாகத் திரட்டுவது எளிய வேலையும் அல்ல. ஆகவே பழைய வட்டுகள்தான் வழி. ஏமாற்றுகிறவர்களும் அங்கேதான் காத்திருக்கிறார்கள்.

நான் பார்த்த விளம்பரத்தில் ‘வெண்டெட்டா’, ‘ஃபைட் ஃபார் நியூயார்க்’, அதே வரிசையில் 2007-இல் வந்த ‘ஐகான்’ என மூன்றும் ஒரே தொகுப்பாக இருந்தன. ‘ஐகான்’ எனக்குத் தேவைப்படவில்லை. ஈ.ஏ.வின் சிகாகோ பிரிவு செய்த அந்த விளையாட்டில் பாட்டின் தாளத்துக்குக் கட்டடங்கள் அதிர்வது பார்க்க அழகாக இருந்தாலும், அடிகள் மந்தமாக விழும். முந்தையதில் இருந்த பாணிக் கலவையும் கிடையாது. வாங்கியவர்களில் பலர் மனம் நொந்ததால்தான் அது இன்று மலிவாகக் கிடைக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு விலை சொல்லுங்கள் என்று கேட்டேன். பிரித்துத் தர முடியாது என்றார். பிரிக்க மறுத்த காரணம் பிறகுதான் புரிந்தது. இரண்டு அசல்களுக்கு நடுவே வைத்த போலியின் மீது யாருக்கும் சந்தேகம் வராது அல்லவா?

விளையாட்டு ஓடுவதைக் காட்டும் காணொளி ஒன்றை அனுப்பினார், நம்பினேன். பணத்தை நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் அனுப்பினால் கமிஷன் மிச்சம், 10 டாலர் குறைத்துக்கொள்கிறேன் என்றார், அதற்கும் சம்மதித்தேன். பொருள் வாங்கியதற்கான பாதுகாப்பு அந்த முறையில் கிடையாது என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. இருபது ஆண்டுகளாகத் தேடிய பொருள் கண்முன் இருக்கும்போது அந்த 10 டாலர் பெரிதாகத் தெரிந்துவிட்டது.

பெட்டி வந்த அன்று தம்பியும் வந்திருந்தான். வட்டைப் போட்டதும் திரை சிவந்து, பிளேஸ்டேஷன் வட்டு எதையாவது போடும்படி அறிவிப்பு வந்தது. துடைத்துப் போட்டும் அதே சிவப்பு. “அண்ணா, தட்டைத் திருப்பிப் பாருங்க” என்றான் தம்பி. திருப்பி விளக்கொளியில் பிடித்தேன். வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டிய கீழ்ப்பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் மின்னியது. பதிவு செய்யக்கூடிய வெற்று டி.வி.டி.யின் நிறம் அது. நடுத்துளையைச் சுற்றி ஆலையில் பொறிக்கப்படும் குறியீடுகளும் இல்லை. மேற்பக்கத்து ஓரத்தில் நகத்தை வைத்தால் ஒட்டிய தாளின் விளிம்பு தட்டுப்பட்டது. அசல் வட்டில் படம் நேரடியாக அச்சாகியிருக்கும்; எங்கும் தாள் இருக்காது.

விற்றவருக்கு எழுதினேன். உங்கள் கன்சோலின் லென்ஸ் பழுது என்று முதலில் பதில் வந்தது. அதே பெட்டியில் வந்த ‘வெண்டெட்டா’ அதே கன்சோலில் உடனே ஓடியதைப் படமெடுத்து அனுப்பினேன். தன் வீட்டில் ஓடியது, காணொளியே சாட்சி என்றார். அவர் வீட்டில் ஓடியிருக்கலாம். நகல் வட்டுகளுக்கான தடையைத் தாண்டவைக்கும் ‘மோட் சிப்’ என்ற சில்லைப் பொருத்திய கன்சோல் நகலையும் ஓட்டும் என்பதால், அந்தக் காணொளி எதற்கும் சாட்சியாகாது. ஒரு வாரம் பொறுங்கள், இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்று இழுத்தடித்தவர், பிறகு பதில் எழுதுவதையே நிறுத்திவிட்டார். நண்பருக்கு அனுப்பிய தொகையைத் திரும்பப் பெற வழியில்லை என்று பணம் அனுப்பும் சேவையும் சொல்லிவிட்டது.

வாங்க நினைப்பவர்கள் வட்டின் கீழ்ப்பக்கத்தையும் நடு வளையத்தையும் வெளிச்சத்தில் எடுத்த படத்தை, அன்றைய தேதி எழுதிய தாளோடு சேர்த்துக் கேளுங்கள்; தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். கீழ்ப்பக்கம் வெள்ளியாக இருந்தாலும் வேலை முடிந்துவிடாது, ஐரோப்பியப் பதிப்பு அமெரிக்கக் கன்சோலில் ஓடாது. அமெரிக்க வட்டின் எண் எஸ்.எல்.யூ.எஸ். (SLUS) என்று தொடங்குகிறதா என்பதையும் பாருங்கள். கமிஷன் எவ்வளவு ஆனாலும், பொருளுக்கான பணம் என்று குறித்து அனுப்புங்கள்.

அந்தத் தொகுப்பு நேற்று மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. அட்டைப் படங்கள் மூன்றும் எனக்குக் காட்டிய அதே படங்கள். விலை 175 டாலர். கீழ்ப்பக்கத்தைக் காட்டும் படம் இந்த முறையும் இல்லை.