வன்னி வளவில் முதல் பழமரம்: பப்பாசியா, கொய்யாவா, வாழையா?

புதிதாகப் பழமரம் வைக்க வருபவர்கள் அநேகமாக "எது கெதியாகக் காய்க்கும்?" என்றுதான் கேட்பார்கள். இலங்கையின் வடக்கே, வன்னியில் அதற்கு முன் பார்க்கவேண்டியது தண்ணீரை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி வெள்ளம். வைகாசி பிறந்தால் சோளகக் காற்றும் வறட்சியும். இரண்டு அடி ஆழத்தில் ஒரு கிடங்கு வெட்டித் தண்ணீரால் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். அடுத்த நாள் காலையிலும் தண்ணீர் நின்றால் பப்பாசியை வெறும் நிலமட்டத்தில் வைக்கமுடியாது, உங்கள் தெரிவு பாதி முடிந்துவிட்டது.

பப்பாசியின் பலம் வேகம். நட்டு எட்டு, பத்து மாதத்தில் பழம் பறிக்கலாம். பலவீனம் வேர். இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகி, இலை மஞ்சளாகி, மரம் சாய்ந்துவிடும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து தாழ்நிலங்கள் மூழ்கியது போன்ற வெள்ளத்தில் அது பிழைக்காது. ஆகவே ஒன்றரை அடி உயரம், மூன்று அடி அகலத்தில் மேடு கட்டி, அதன் மேல் நடுங்கள். அடிமண்ணோடு ஒரு வாளி உக்கிய மாட்டெரு கலந்தால் போதும். பச்சைச் சாணம் வேரைக் கருக்கும்.

நாட்டு விதையானால் ஒரு மேட்டில் மூன்று கன்று வையுங்கள். பூக்கும்வரை ஆண், பெண் தெரியாது. நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்குவது ஆண்பூ. பத்துப் பெண்மரத்துக்கு ஓர் ஆண் இருந்தால் போதும், மிச்சத்தை வெட்டலாம். 'ரெட் லேடி' என்ற கலப்பினக் கன்றில் ஆண்மரம் வராது. ஆனால் அதன் பழத்து விதையை முளைக்கவைத்தால் தாயின் குணம் அப்படியே வராது, கன்றைத்தான் வாங்கவேண்டும்.

இலையின் அடியில் பஞ்சு படிந்தாற்போல் தெரிவது வெண்மூட்டுப்பூச்சி. 2008இல் நாட்டுக்குள் வந்து பப்பாசியை அழித்த இதை, 2009இல் கொண்டுவந்து விட்ட சிறு குளவிகளே அடக்கின. கடும் நஞ்சு தெளித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி திரவ சவர்க்காரம் கலந்து தெளியுங்கள். காயில் வளையம் வளையமாகப் புள்ளி விழுந்தால் அது வைரசு. மருந்து இல்லை, மரத்தைப் பிடுங்கி அகற்றவேண்டும்.

கொய்யாவுக்குப் பொறுமை வேண்டும். பதியக்கன்று அல்லது ஒட்டுக்கன்று இரண்டாம் வருடத்தில்தான் ஒழுங்காகக் காய்க்கும். ஆனால் சில நாள் வெள்ளத்தையும் நீண்ட வறட்சியையும் தாங்குவதில் பப்பாசி இதற்குக் கிட்டவும் வராது. வவுனியாப் பக்கத்துக் கிரவல் மண்ணில் அலவாங்கு போட்டு இரண்டு அடிக் கிடங்கு வெட்டி, மேல்மண்ணோடு பத்துக் கிலோ எரு கலந்து நிரப்புங்கள். முதல் கோடையில் வாரம் இருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். வைக்கோல் மூடாக்கு அடித்தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும், ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும்.

கன்று இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளி, மூன்று நான்கு கிளை விடுங்கள். கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும். அறுவடை முடிந்ததும் கிளை நுனிகளை ஓர் அடி வெட்டாதவர்கள்தான் "மரம் நிக்குது, காய் இல்லை" என்று கவலைப்படுகிறார்கள்.

இதன் பெரிய எதிரி பழ ஈ. காய் தேசிக்காய் அளவு வந்ததும் கடதாசிப் பையால் கட்டுங்கள். பொலித்தீன் என்றால் அடியில் துளை வேண்டும். விழுந்த பழத்தை அப்படியே விடாதீர்கள். உள்ளே இருக்கும் புழு மண்ணுக்குள் கூடாகி, அடுத்த ஈயாக வரும். இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள்.

வாழை பத்துப் பன்னிரண்டு மாதத்தில் குலை தரும், குட்டியும் இலவசம். ஆனால் கோடை முழுக்கத் தண்ணீர் கேட்கும், சோளகம் குலையோடு சாய்க்கும், முண்டு கொடுக்கவேண்டும். கிணறு வற்றாத வளவுக்கு மட்டும் சரி. காட்டுக்கரைக் கிராமமென்றால் வைக்கவே வேண்டாம். யானை வாழையைத் தேடி வரும், வந்தால் வேலியும் மிஞ்சாது.

எங்கள் தெரிவு கொய்யாதான். கெதியாகப் பழம் வேண்டுமென்றால் பதினைந்து அடி இடைவெளியில் கொய்யா நட்டு, நடுவே மேட்டில் பப்பாசி வையுங்கள். மூன்றாம் வருடம் கொய்யாக் கிளைகள் நெருங்கும்போது பப்பாசி கைக்கெட்டாத உயரத்துக்குப் போய், காயும் சிறுத்திருக்கும். அப்போது அதை வெட்டிவிடலாம்.