கூடத்துப் படையலும் பூங்காப் படையலும்

சிகாகோவின் பில்சன் பகுதியில் 1987-இல் திறக்கப்பட்ட தேசிய மெக்சிகக் கலை அருங்காட்சியகத்தில் இறந்தோரை நினைவுகூரும் மெக்சிக விழாவான நீத்தார் நாளை இரு வகையாகக் காணலாம். இலையுதிர் காலத்தில் பல வாரங்கள் நீடிக்கும் கூடத்துக் கண்காட்சியில், கலைஞர்கள் அமைத்த படையல் மேடைகளைச் செண்டுமல்லிப் பூ, மெழுகுவர்த்தி, இறந்தவரின் நிழற்படம், அவர் விரும்பிய உணவு என ஒவ்வொன்றாக நிதானமாக நின்று பார்க்க முடிகிறது. நுழைவுக் கட்டணமும் இல்லை. அருங்காட்சியகத்தை ஒட்டிய ஹாரிசன் பூங்காவில் அக்டோபர் இறுதியில் ஒரே மாலை நடக்கும் கூடலிலோ, குடும்பங்களே தம் உறவினருக்குப் படையலிட்டு நினைவுகூர்கின்றன. கலை நுணுக்கம் முன்னதில் மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், முன்பின் அறியாத ஒருவருடைய பாட்டியின் படத்தின் முன் நிற்கும்போதுதான் அந்த மேடை எதற்காக எழுப்பப்படுகிறது என்பது விளங்குகிறது. ஒன்றுக்கே நேரமுள்ளவருக்குப் பூங்காவையே பரிந்துரைப்பேன்.