படிவமா, பக்கத்தில் இருந்து பார்ப்பதா?

நூலகத்தை வாசகருக்கு ஏற்ப மாற்ற நினைப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது கருத்துப் படிவம். செலவு குறைவு, ஒரே நாளில் பலரிடம் போய்ச் சேரும், மேலிடத்துக்குக் காட்ட எண்களும் கிடைக்கும். சரி, ஆனால் அதை நிரப்புவது பெரும்பாலும் ஏற்கெனவே வந்துபோகிறவர்தான். வராதவரின் குரல் அதில் இருக்காது.

இன்னொரு வழி, கூடவே இருந்து கவனிப்பது. ஒரு பெரியவர் தேடல் கணினி முன் உட்கார்கிறார். தலைப்பில் ஓர் எழுத்தை மாற்றி அடிக்கிறார். ‘முடிவுகள் இல்லை’ என்று வருகிறது. புத்தகமே இல்லை என்று எண்ணி எழுந்து போய்விடுகிறார். படிவம் கொடுத்திருந்தால் ‘திருப்தி’ என்றுகூடக் குறித்திருப்பார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-லேயே விதியாக எழுதினார். அந்த நேரம் எங்கே வீணாகிறது என்பது இப்படிப் பார்த்தால்தான் பிடிபடும். பொறுமை வேண்டும், கவனிக்கப்படுபவரின் சம்மதமும் வேண்டும். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. எத்தனை பேருக்கு அதே சிக்கல் என்று அறிய, அப்புறம் படிவம் கொடுக்கலாம்.

மாநாடுகளிலும் அப்படித்தான். கடைசி நாளில் மதிப்பெண் கேட்பதைவிட, யாரிடம் பேசுவது என்று தெரியாமல் தேநீர் இடைவேளையில் ஒதுங்கி நிற்கும் புதியவரையும், சக்கர நாற்காலியில் வந்து மேடையேற முடியாத பேச்சாளரையும் ஏற்பாட்டாளர்கள் நேரில் பார்க்கட்டும். அடுத்த முறை சாய்தளம் இல்லாத அரங்கை அவர்களே வேண்டாம் என்பார்கள்.